பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது

ஜெபா,

நீ எங்களிடம் விட்டுப்போன காரில், முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற பம்ப் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி, போன மாதம் அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினேன். பழைய பம்ப் கெடவில்லை. அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எட்டு மாதமாக ஒரு வார்த்தை பேசாத மகனுக்கு எழுதுகிற முதல் கடிதத்தில் கார் ரிப்பேரைப் பற்றியா எழுதுவார்கள் என்று நீ கேட்கலாம். உன் அம்மாவும் அதையேதான் கேட்டாள். ஆனால் எனக்கு நேராக விஷயத்துக்கு வரத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் மெயின்டனன்ஸில் குப்பை கொட்டியவன் நான். எங்கே பழுது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால்தான் எனக்கு வாய் வரும். கொஞ்சம் பொறுத்துப் படி.

முதலில் பழைய புண்ணைக் கிளறிவிடுகிறேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன் அம்மா சபைப் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் சேலையூர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நீ போன் செய்தாய். ஆறு நிமிஷம் பேசினாய். நான் நடுநடுவே “ம்”, “ம்” என்றேன். கடைசியில், “சரிப்பா, ரொம்ப நல்லது. கர்த்தர் பார்த்துக்குவார்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மா வந்ததும், “ஜெபா பேசினான், எல்லாரும் நல்லா இருக்காங்களாம்” என்றும் சொன்னேன். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு உன் மாமியார், மெர்லினின் அம்மா, போன் செய்து, ஏன் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று கேட்டார்கள். அப்போதுதான், மெர்லின் வயிற்றில் நாலு மாதமாக இருந்த குழந்தை தங்காமல் போனது எங்களுக்குத் தெரிந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு மேடவாக்கத்துக்கு ஓடி வந்தோம். உள் அறையில் மெர்லின் படுத்திருந்தாள். ஹாலில் சம்பந்தி இரண்டு பேரும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வைத்து உன்னைக் கேட்டேன்: “பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?”

நீ என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாய். “அப்பா, உங்களுக்குத்தான் முதல்ல சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுகிட்டு சொன்னேன். அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்கன்னேன். நீங்க ரொம்ப நல்லதுன்னு சொன்னீங்க” என்றாய். நான் கத்தினேன். “பொய் சொல்றே. எங்கிட்ட நீ சொல்லவே இல்லை. அவங்களுக்கு முதல்ல சொல்லிட்டு, இப்ப சமாளிக்கிறே.” நீ போனை எடுத்து, வெள்ளிக்கிழமை ஆறு நிமிஷம் பேசியதைக் காட்டினாய். “ஆறு நிமிஷம் பேசினா இதைத்தான் பேசினேன்னு அர்த்தமா? பொய்க்கு சாட்சி வேறயா?” என்று கேட்டேன். குழந்தையைப் பறிகொடுத்த மூன்றாம் நாள், உன் வீட்டில், உன் மாமனார் மாமியார் முன்னால், உன்னைப் பொய்யன் என்றேன். நீ போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான்.

நான் காதை வைத்துப் பிழைத்தவன். மறைமலைநகரில், தகட்டை அடித்து பாகங்கள் செய்கிற பிரஸ் ஷாப்பில், எந்த மோட்டாரில் பேரிங் போகப்போகிறது என்று மீட்டர் காட்டுவதற்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடுகிற மோட்டார் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால் உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். படித்துவிட்டு வந்த இன்ஜினியர்கள் திணறும்போது சூப்பர்வைசர் என்னைத்தான் கூப்பிடுவார். அந்தப் பெருமையை உங்களிடம் எத்தனை தடவை அளந்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் நிறத்தில் ஸ்பாஞ்சு மாதிரி ஒன்றைக் கொடுப்பார்கள். மாதா மாதம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். ஒரு நாளும் போட்டதில்லை. காதை அடைத்துக்கொண்டால் எந்திரம் பேசுவது எப்படிக் கேட்கும் என்பது என் கட்சி. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றில் படபடவென்று அடித்துக்கொள்கிற ஜன்னல் கதவுகளில் செருகி வைத்தேன். சின்ன வயதில் நீ அதை நசுக்கிவிட்டு, அது மெல்ல மெல்ல உப்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். காதுக்கு வைக்க வேண்டியதை ஜன்னலுக்கு வைத்த புத்திசாலி உன் அப்பன்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரில் மெலிதாகக் கீச்சென்று ஒரு சத்தம் வருகிறது என்று நீ வந்து சொன்னாய். நான் போய் நின்று கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “எனக்குக் கேக்காத சத்தம் உனக்குக் கேக்குதா? போய் படி” என்றேன். மறுநாளும் சொன்னாய். அதிகப்பிரசங்கி என்று திட்டினேன். நாலாம் நாள் மோட்டார் புகைந்து போயிற்று. வோல்டேஜ் ஏறி இறங்கியதில் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். அப்போதே மெல்லிய சத்தங்கள் என்னை விட்டுப் போக ஆரம்பித்திருக்க வேண்டும். அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி. இத்தனை வருஷம் கழித்தாவது அதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது காருக்கு வருகிறேன். நமக்குள் பேச்சு நின்ற பிறகும் உன் அம்மா ஒரு சனிக்கிழமை கூட உங்களைப் பார்க்க வராமல் இருந்ததில்லை. பாத்திரத்தில் மீன்குழம்பும், மெர்லினுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பலகாரமும் எடுத்துக்கொள்வாள். பஸ்ஸில் குழம்பு சிந்தும் என்று சாக்குச் சொல்லி நானே காரில் கொண்டுவந்து விடுவேன். அவள் மூன்றாவது மாடிக்கு ஏறிப் போவாள். நான் உங்கள் அபார்ட்மென்ட் வாசலிலேயே, காருக்குள், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மகன் கூப்பிடாமல் மாடி ஏறுவதில்லை என்று ஒரு வீம்பு. அப்படி ஒரு சனிக்கிழமை, தண்ணீர் லாரி டிரைவர் ஒருவர் வந்து என் பக்கக் கண்ணாடியைப் பொத்பொத்தென்று தட்டினார். “இன்னா பெருசு, எவ்ளோ நேரமா ஹாரன் அடிச்சிகினு கீறேன்! கேட்டாண்ட வண்டியப் போட்டுகினு குந்திகினு கீறியே, காது கேக்கலியா?” என்று கேட்டார். மரியாதை தெரியாத ஆள் என்று நானும் பதிலுக்கு நாலு வார்த்தை விட்டேன். வண்டியை நகர்த்தும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் பின்னால் அந்த லாரி வீடு மாதிரி நின்றுகொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

சேலையூரிலிருந்து காலையில் வரும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேடவாக்கம் நெருங்க நெருங்க மெட்ரோ வேலை நடக்கிற புழுதி. ஸ்டீயரிங் பக்கத்து லிவரை நம் பக்கம் இழுத்தால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியடிக்க வேண்டும், கூடவே வைப்பர் ஆட வேண்டும். வைப்பர் ஆடியது, தண்ணீர் வரவில்லை. காய்ந்த புழுதியை வைப்பர் இழுத்து இழுத்துக் கண்ணாடி முழுக்க அரை வட்டமாகப் பூசிவிட்டது. செம்பாக்கத்தில் ஒரு அம்மாள் ரோட்டைக் கடந்ததை நான் கடைசி நொடியில்தான் பார்த்தேன். பிரேக்கை மிதித்ததில் குழம்புப் பாத்திரம் உருண்டது. உன் அம்மா, “முதல்ல இதைச் சரி பண்ணுங்க” என்றாள். திங்கட்கிழமை பானட்டைத் திறந்தேன்.

இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கிற வழி ரொம்பச் சுலபம். தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா பார்க்க வேண்டும்; இருந்தது. ஃப்யூஸ் பார்க்க வேண்டும், நன்றாக இருந்தது. பிறகு லிவரை இழுத்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். பம்ப் ஓடுகிற சத்தம் வந்து தண்ணீர் வராவிட்டால் குழாயிலோ துவாரத்திலோ அடைப்பு. சத்தமே வராவிட்டால் பம்புக்கு கரண்ட் வரவில்லை, இல்லாவிட்டால் பம்ப் செத்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சத்தமே இல்லை. பம்ப் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். டெஸ்ட் லேம்ப் வைத்து கரண்ட் வருகிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிஷ வேலை. அதைக்கூடச் செய்யவில்லை. என் காது சொன்ன பிறகு விளக்கு எதற்கு? மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புதுப் பம்ப் வாங்கிவந்தேன். ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைக் கழற்றி, உள்பக்க பிளாஸ்டிக் தட்டை விலக்கினால், தண்ணீர்த் தொட்டியின் அடியில், கட்டை விரல் பருமனுக்கு அந்தப் பம்ப் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்ததும் தொட்டியில் இருந்த தண்ணீர் மொத்தமும் என் கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிற்று. ரப்பர் வாஷரை மாற்றி, புதுப் பம்பை அழுத்திப் பொருத்தி, வயரைச் செருகி, தண்ணீர் நிரப்பி, ஜம்பமாக உட்கார்ந்து லிவரை இழுத்தேன். தண்ணீரும் இல்லை, சத்தமும் இல்லை.

அப்போதுதான் டெஸ்ட் லேம்பை எடுத்தேன். வயரில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, பம்ப் புதுசு, ஆனால் ஓடவில்லை. அப்படியானால் கடைக்காரர் என் தலையில் டூப்ளிகேட் கட்டிவிட்டார். எவ்வளவு சீக்கிரம் அடுத்தவனைக் குற்றவாளி ஆக்குகிறேன் பார். புதுப் பம்பைக் கழற்றி, சக்கரத்தை மறுபடி மாட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போய் கவுன்டரில் டக்கென்று வைத்தேன். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். “ஓடாத பம்பைக் குடுத்து ஏமாத்துறீங்களா?” என்றேன். நாற்பது வயசிருக்கும் கடைக்காரருக்கு. ஓரத்தில் இருந்த பேட்டரியிலிருந்து இரண்டு வயரை இழுத்துப் பம்பில் தொட்டார். “ஓடுது பாருங்க சார்” என்றார். நான் பம்பைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். “எங்க ஓடுது? சத்தத்தையே காணோம். பொய் சொல்றீங்க” என்றேன்.

பக்கத்தில் பிரேக் கேபிள் வாங்க வந்த ஆட்டோக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். “இன்னா சார், இந்தக் கத்து கத்துது, கேக்கலியா?” கடைக்காரர் அவரைப் பார்த்துக் கண்ணாலேயே அடக்கினார். அப்புறம் என் வலது கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் பம்பை வைத்து, மறுபடி வயரைத் தொட்டார். பிடித்து வைத்த வண்டு மாதிரி அது என் கைக்குள் துடித்தது. நடுக்கம் மணிக்கட்டு வரைக்கும் ஏறிற்று. ஆனால் சத்தம் வரவில்லை, ஜெபா. கையில் ஓடுகிற மோட்டாரை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், எனக்கு அது ஊமையாக இருக்கிறது. கடைக்காரர் வயரை எடுத்துவிட்டு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்தி, “சார், ஒக்காருங்க, டீ சொல்றேன்” என்றார். நான் கத்தியதற்கு அவரும் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த ஸ்டூலைத்தான் தாங்க முடியவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் உன்னிடம் சொன்ன அதே இரண்டு வார்த்தையை அந்த மனிதரிடமும் சொல்லியிருக்கிறேன் என்பது வீடு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. காரை ஓரம் கட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து பம்பை மாட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். பானட் பக்கத்தில் நிற்கச் சொல்லி லிவரை இழுத்தேன். “சத்தம் ஏதாவது வருதா?” என்று கேட்டேன். “வருதே. ஙொய்ங்னு வருது. முந்தாநாளும் இப்படித்தானே வந்துச்சு, பழசுலயும்” என்றாள். “அன்னைக்கே சொல்லக் கூடாதா?” என்றேன். “நீங்க எங்க கேட்டீங்க? சத்தத்தைப் பத்தி உங்ககிட்ட நான் சொல்றதா?” என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றுவிட்டாள். ஜன்னல் வழியாகக் குனிந்து என் முகத்தையே பார்த்தாள். “அப்ப அன்னைக்கு ஜெபா போன்ல சொன்னது...” என்றாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை நாளும் அவள் யாரை நம்புவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சமையல் செய்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எட்டு மாதமாக உன் அம்மா என்னிடம் கோபமாகப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள். எழுத முடியாத அளவுக்குப் பேசினாள். எல்லாம் நியாயம்.

இங்கே நிறுத்திவிட்டால் நான் நல்லவனாகத் தப்பித்துவிடுவேன். பாவம், கிழவனுக்குக் காது கேட்கவில்லை, அவன் என்ன செய்வான் என்று நீயும் விட்டுவிடலாம். அது முழு உண்மை இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நீ பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். உன் குரல் தாழ்ந்து, கரகரப்பாக வந்தது. டாக்டர் என்கிற ஒரு வார்த்தை மட்டும் பிடிபட்டது. செக்கப் போய்வந்ததைச் சொல்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். டவர் சரியில்லை, போன் சரியில்லை, நீ கல்யாணத்துக்கு அப்புறம் முணுமுணுவென்று பேசப் பழகிவிட்டாய் என்று எனக்குள் ஆயிரம் காரணம். “கேக்கலைப்பா, இன்னொரு தடவை சொல்லு” என்பதைத் தவிர மற்றதெல்லாம் என் வாயில் வந்தது. இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான். யாராவது பேசினால் முகத்தைப் பார்ப்பேன். சிரித்தால் சிரிப்பேன், முகம் சுருங்கினால் ‘அடடா’ என்பேன். போனில் முகம் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘ரொம்ப நல்லது’ என்று ஒன்றை வைத்திருந்தேன்.

உன் ஹாலில் நின்றபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குச் சந்தேகம் வந்தது. இவன் சொல்லியிருப்பானோ, நான்தான் கேட்காமல் விட்டேனோ என்று. ஆனால் அதை ஒப்புக்கொண்டால், பேரக்குழந்தை போய்விட்டது என்று மகன் அழுதுகொண்டு சொன்னதற்கு ரொம்ப நல்லது என்று சொன்னவன் நான் ஆகிவிடுவேன். அதைச் சுமக்க எனக்கு தைரியம் இல்லை. உன்னைப் பொய்யன் ஆக்குவது அதைவிடச் சுலபமாக இருந்தது. நான் செய்த தப்பு இதுதான். காது கேட்காதது தப்பில்லை. கேட்கவில்லை என்று தெரிந்தும் உன்னைப் பொய்யன் என்று சொன்னேனே, அதற்குத்தான் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மெர்லின் பால்கனிக்கு வந்து, “மாமா, மேல வாங்க மாமா” என்று கூப்பிட்டாளாம். நான் தலையைத் தூக்கவில்லையாம். மறுபடி சத்தமாகக் கூப்பிட்டாளாம். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்களாம். நான் கார் கண்ணாடியைப் பார்த்தபடியே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேனாம். “விடு, அவர் வரமாட்டார்” என்று நீ அவளை உள்ளே அழைத்துப் போனாயாம். அன்றைக்கு நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? இன்றைக்காவது ஒருத்தர் கூப்பிட மாட்டார்களா என்றுதான். மெர்லினிடம் இதைப் படித்துக் காட்டு. தன் துக்கத்தையும் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட வந்த பிள்ளை அவள். அவளைப் பார்த்து நான் ஒரு ஆறுதல் வார்த்தைகூடச் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கத்தியதெல்லாம் உள்ளே படுத்திருந்தவளுக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

காருக்கு என்னதான் ஆயிற்று என்று உனக்குத் தோன்றும். வெறும் உப்பு. நம் வீட்டு போர்வெல் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியுமே, அதையே தொட்டியில் ஊற்றி ஊற்றி, பானட் மேல் இருக்கிற இரண்டு துவாரமும் சுண்ணாம்பு மாதிரி இறுகிப் போயிருந்தன. அம்மாவின் தையல் ஊசியால் குத்தி எடுத்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. லிவரை இழுத்தால் தண்ணீர் காரைத் தாண்டி அம்மா மேல் போய் விழுந்தது. இருவரும் சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஒரு ஊசி போதும் என்கிற பழுதுக்கு நான் சக்கரத்தைக் கழற்றியிருக்கிறேன். நீ அங்கே உன் காரில் லாரித் தண்ணீரை ஊற்றினாலும் இதே கதிதான். வடிகட்டிய குடிதண்ணீரை ஊற்று. பழைய பம்பைத் துடைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன், தூக்கிப்போட மனசில்லை.

அப்புறம் காது டெஸ்டுக்குப் போனேன். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னாள் ஒரு பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை அசைவதைப் பார்த்துப் பார்த்து நான் அமுக்கினேன். அங்கேயும் திருட்டுத்தனம்! அவள் கெட்டிக்காரி. எழுந்து வந்து, என் நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டாள். அதன் பிறகு ரொம்ப நேரம் நான் பட்டனை அமுக்கவே இல்லை. டெஸ்ட் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அத்தனை சத்தம் எனக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இரண்டு காதுக்கும் மெஷின் சொல்லியிருக்கிறார்கள். வர இரண்டு வாரம் ஆகும். பழைய காது திரும்பி வராது என்றும் சொல்லிவிட்டார்கள்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் அப்பன் புத்தி, சும்மா இருக்காது. நீ என்னை மாதிரியே பிடிவாதக்காரன். அதுதான் எனக்குப் பயம். மெர்லின் சொல்வது உனக்குப் புரியாத நாளில், காதெல்லாம் நன்றாக இருக்கும்போதே, புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் போகாதே. புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லு என்று கேள். கௌரவம் போனால் போகட்டும். அதைக் காப்பாற்ற நினைத்து நான் எட்டு மாதத்தையும் உன்னையும் விட்டேன். இன்னொன்று. இந்தக் கடிதத்துக்காக நீ என்னை உடனே மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உன் கோபம் தீராவிட்டால் கோபத்தோடே பேசு. திட்டு. எனக்குக் கேட்கிற மாதிரி திட்டு.

மெஷின் வரும் வரைக்கும் நான் கார் ஓட்டப்போவதில்லை. ஹாரன் கேட்காதவன் அந்த ரோட்டில் ஓட்டியதே அநியாயம். இந்தச் சனிக்கிழமை பக்கத்து வீட்டு செல்வம் ஓட்டுவார். நான் அவர் பக்கத்தில் முன்சீட்டில் வருவேன். அவர் டீ குடிக்கப் போய்விடுவார். அம்மா மாடி ஏறி இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பாள். நீ இந்த வரியைப் படிக்கிற நேரத்தில் நான் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கூப்பிட்டால்தான் மாடி ஏறுவேன் என்கிற வீம்பெல்லாம் போய்விட்டது. இருந்தும் நானாக மேலே வரவில்லை. அந்த ஹாலுக்குள் மறுபடி கால் வைக்கலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். ஆனால் போன் செய்யாதே. பால்கனியிலிருந்து கூப்பிடாதே. எனக்குக் கேட்காது. இறங்கி வா. அந்த வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று சொன்னாயே, அதை என் முகத்துக்கு நேராக நின்று முதலிலிருந்து சொல்லு. ஒரு வார்த்தை கேட்காமல் போனாலும், கேட்கவில்லை என்று சொல்கிறேன். எத்தனை தடவை ஆனாலும் திருப்பிக் கேட்கிறேன். முன்கண்ணாடியை நன்றாகக் கழுவி வைத்திருக்கிறேன். நீ படி இறங்கி வந்தால் எனக்குத் தெரியும்.

அப்பா